சேலைமேல் சட்டை

என் பள்ளிக்கூட வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு ஒன்றே ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். கொழுப்பு என்று சிலர் சொன்னார்கள். கொழுப்புதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் முழுக் கதையையும் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நான் காசிமேட்டுக்காரி. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். போனால் திரும்பி வர நாளாகும். அம்மா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவள். பொழுது விடிவதற்கு முன்பே ஏலக்கூடத்தில் நிற்பாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, அதன்மேல் அப்பாவுடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வாள். தலையில் ஒரு துண்டு. எங்கள் பக்கம் மீன் விற்கிற பெண்கள் எல்லாருக்கும் இதுதான் வழக்கம். ஐஸ் தண்ணீர் உடம்பில் இறங்காது. மேல்கையில் செதில் ஒட்டாது. கூட்டத்தில் ஆள் இடித்தாலும் முந்தானை நழுவாது. செல்போன் வைக்க ஒரு பையும் கிடைக்கும். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. புருஷன் சட்டை கொடியில் தொங்கியது, எடுத்து மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

என்னைப் படிக்கப் போட்டது ராயபுரம் பக்கத்தில் ஒரு கான்வென்ட் பெண்கள் பள்ளியில். பெயர் வேண்டாம், அவர்களும் பாவம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் மகள், ரயில்வேக்காரர் மகள், வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்காரர் மகள், எங்களைப் போல மீன்காரர்கள் வீட்டுப் பெண்கள், எல்லாரும் ஒரே நீலப் பாவாடை வெள்ளைச் சட்டையில் போய் வருவோம். நான் ப்ளஸ் ஒன் படித்த வருஷம், ஆண்டு விழாவோடு சேர்த்துப் பெரிய வகுப்புப் பெண்களுக்குப் பாரம்பரிய உடை அணிவகுப்பு வைக்கப்போவதாக வரலாறு மிஸ் வந்து சொன்னார். பாட்டும் டான்ஸும் வராத எனக்கு அதில் ஆசை வந்துவிட்டது. சும்மா நடந்தால் போதுமே.

மிஸ் அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு நானும் நடந்திருப்பேன். அவர் நிறுத்தவில்லை.

"சேலை எவ்வளவு அழகான உடை தெரியுமா? ஆனா சில பேர் அதுக்கு மேல ஆம்பளை சட்டையை மாட்டிக்கிட்டு ரோட்டுல போறாங்க. பார்க்கவே அலங்கோலமா இருக்கு. அந்த மாதிரி இல்லாம முறையா உடுத்திக்கிட்டு வரணும். உங்க வீட்டுப் பாரம்பரியம் அதுல தெரியணும்."

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. மிஸ் கெட்டவர் இல்லை, பரீட்சை சமயத்தில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பாடம் சொல்லித் தருகிறவர். என் அம்மாவை நினைத்து அவர் அதைச் சொல்லவும் இல்லை. என் அம்மா இப்படி ஒருத்தி என்பதே அவருக்குத் தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். பக்கத்தில் இருந்தவள் என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அவள்தான் என் தோஸ்து. பழைய வண்ணாரப்பேட்டை முஸ்லிம் வீட்டுப் பெண். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒன்று பேசுவாள், அந்த ஒன்று நறுக்கென்று இருக்கும். எங்கள் பள்ளியில் அப்போது ஒரு விதி இருந்தது. தலையில் துணி போட்டு வருகிற பெண்கள் கேட்டிலேயே அதை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும். சாயங்காலம் வெளியே வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். யூனிஃபார்ம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பார்கள். கேட்டில் நின்று விதியைச் சொல்கிற சிஸ்டர் தலையில் முக்காடு இருக்கும். என் தோஸ்தும் மடித்து வைப்பாள். மடிக்கிற வேகத்திலேயே அவள் கோபம் எனக்குத் தெரியும்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் அவளிடம் சொன்னேன். "நான் எங்கம்மா கட்றதைக் கட்டிக்கினு வரப்போறேன். சேலை, அதுக்கு மேல எங்க நைனா சட்டை. அலங்கோலமா இல்லையான்னு பாத்துடலாம்."

அவளும் சேர்ந்துகொண்டாள். "எங்க அம்மாகிட்ட வெள்ளைத் துப்பட்டி இருக்கு. கல்யாணம், ஃபாத்தியா ஓதுறதுன்னா புடவைக்கு மேல போர்த்திப்பாங்க. நானும் அதைப் போட்டுட்டு வரேன். ஒரு நாளாச்சும் தலையில துணியோட அந்த கேட்டுக்குள்ள போறேன்டி."

பள்ளிக்கூடத்தைச் சமாளிப்பது அப்புறம். வீட்டில் அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

"இன்னாது? என் சேலையா? அதுக்கு மேல உங்க நைனா சட்டையா?" அம்மா மீன் வெட்டுகிற கத்தியை அப்படியே கீழே வைத்துவிட்டாள். "உனக்கு இன்னா கேடு? சடங்குக்கு எடுத்த பட்டுப் பொடவை பெட்டில கீது. அத்த கட்டிக்கினு அயகா போவியா, கலீஜா போறேன்ங்கிறே."

"கலீஜா? நீ தெனமும் அத்ததான போட்டுக்கினு போற?"

"நான் வேலைக்குப் போறேன்டி. அது டிரெஸ்ஸா? வேலைக்கு மாட்டிக்கினு போறது. மேடையில ஏறினா அல்லாரும் சிரிப்பாங்க. மீன்காரி வேஷம் கட்டிக்கினு வந்துகிறா பாருன்னுவாங்க. என் மானத்த வாங்காத."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. நான் சின்ன வகுப்பில் இருந்தபோது ஒரு முறை ஏலத்திலிருந்து நேராக என்னைக் கூப்பிட வந்தாள். வராந்தாவில் நின்ற ஒரு அம்மா மூக்கை மூடிக்கொண்டு தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். சில பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டுமென்றால் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்து, பவுடர் பூசி, பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வருவாள். முக்கால்வாசி வரவே மாட்டாள்.

நான் விடுவதாக இல்லை. நாங்கள் இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். கடைசியில் அம்மா கையை ஓங்கிக்கொண்டு சொன்னாள். "சரிடி. போட்டுக்கினு போ. நான் வந்து பாக்கிறேன். ஒருத்தி சிரிச்சாலும் அங்கயே எய்ந்து வூட்டுக்கு வந்துடுவேன். அப்பால உன் இஸ்கூல் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன். உன் கல்யாணத்த அங்க வெச்சாலும் வர மாட்டேன்."

"யாரும் சிரிக்க மாட்டாங்க, நீ வா" என்று உதார் விட்டுவிட்டேன். உள்ளே எனக்குப் பயம்தான். அவள் சொன்னதைச் செய்கிறவள். யாராவது சிரித்துவிட்டால் அம்மா சொன்னது சரி என்று ஆகிவிடும். அவளும் காலம் முழுவதும் அப்படியே நம்பிக்கொண்டிருப்பாள்.

ஆனாலும் அவள் மனசு கேட்கவில்லை. அந்தச் சட்டையை அவளே இரண்டு தரம் சோப்புப் போட்டுத் துவைத்து, தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்து வாங்கி வந்தாள். பிறந்ததிலிருந்து இஸ்திரியே பார்க்காத சட்டை அது. இஸ்திரிக்காரர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணன் எதுனா பொண்ணு பாக்கப் போறாரா?" என்று கேட்டாராம். அவருக்கும் அன்றைக்கு அம்மாவிடம் நல்ல பாட்டு.

விழா சனிக்கிழமை காலை. அம்மா ஏலத்தை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, நல்ல சேலை கட்டி வருவதாக ஏற்பாடு. நான் சேலையைத் தூக்கிச் செருகி, சட்டையை மாட்டி, கையை முழங்கை வரை மடித்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் என்னைப் பார்த்து, "இன்னாமே, கூடை எங்க?" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் என்னை நிஜமாகவே மீன்காரி என்று நினைத்துவிட்டார்.

கேட்டில் என் தோஸ்து நின்றாள். உள்ளே பச்சைப் பட்டு, மேலே தலையிலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துப்பட்டி. முகம் மட்டும் தெரிந்தது. அன்றைக்குக் கேட்டில் நின்ற டீச்சர் அவளைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், விழா நாளாயிற்றே என்று விட்டுவிட்டார். உள்ளே காலெடுத்து வைத்தவள் என் கையை அப்படி இறுக்கிப் பிடித்தாள், வளையல் உடையாதது ஆச்சரியம்.

மைதானத்தில் பந்தல். மேடைக்குப் பக்கத்தில் வரலாறு மிஸ் காஞ்சிப் பட்டில், கையில் மைக்கோடு எல்லாரையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். முதலில் மாறுவேடப் போட்டி, யார் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் சின்ன வகுப்புப் பிள்ளைகள்தான் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் இடது பக்கம். பாரம்பரிய உடை போட்ட பெரிய பெண்கள் வலது பக்கம். வலது பக்க வரிசையைப் பார்த்தேன். அடேயப்பா! வாடகைக்கு எடுத்த காஷ்மீர் உடை ஒன்று, ராஜஸ்தான் உடை இரண்டு, மணிப்பூர்ப் பாவாடை ஒன்று. இவர்களில் ஒருத்தியும் பக்கத்திலிருக்கிற மீஞ்சூரைத் தாண்டிப் போனதில்லை. நான் அந்த வரிசையைப் பார்த்து நடந்தேன்.

மிஸ் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார். "அட! மீன்காரி! சூப்பரா போட்டிருக்கியே! அந்தச் சட்டை, அந்தத் துண்டு, அப்படியே தத்ரூபம். ஆனா மாறுவேடம் அந்தப் பக்கம்மா."

"மிஸ், நான் மாறுவேடம் இல்ல. பாரம்பரிய உடை."

"விளையாடாத. போ, போ, நேரமாச்சு. பரிசு உனக்குத்தான்னு நினைக்கிறேன்." முதுகில் தட்டிக் கொடுத்தார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்து என் தோஸ்தைப் பார்த்தார். "நீ என்ன, சிஸ்டர் வேஷமா? நல்லா இருக்கு!"

"இல்ல மிஸ். இது எங்க அம்மா துப்பட்டி. அவங்களும் தலையை மூடுறாங்க, நாங்களும் மூடுறோம். அதான் உங்களுக்குக் குழப்பம்."

"பேச்சைப் பாரு. ரெண்டு பேரும் இடது பக்கம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மிஸ் மைக்கைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அந்த இடத்திலேயே குதிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்குப் போகிறேன், இப்போதே போகிறேன், அம்மா வருவதற்கு முன்னால் போய்விடுகிறேன் என்றெல்லாம் புலம்பினேன். என் தோஸ்து நிதானமாகச் சொன்னாள். "அணிவகுப்புல சும்மா நடக்கணும். மாறுவேடத்துல ஆளுக்கு ரெண்டு வரி மைக்ல பேசணும். மைக் அந்தப் பக்கம்தான்டி இருக்கு. வா."

இவளை வைத்துக்கொண்டு ஒரு தேர்தலே ஜெயிக்கலாம்.

போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு குட்டி டாக்டர், ஒரு டிராபிக் போலீஸ், ஒரு சூரியகாந்திப் பூ, கடைசியாக ஒரு கேரட். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சுக்குள் இரண்டு கையும் மாட்டிக்கொண்டு, தலையில் பச்சைக் காகித இலையோடு, மூக்கைச் சொறிய முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. நான்தான் சொறிந்துவிட்டேன். எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் ஒரு கேரட் கெஞ்சினால் என்ன செய்ய முடியும்?

சிறப்பு விருந்தினர் டிவி சீரியல்களில் நல்ல மாமனாராக வருகிற ஒரு நடிகர். பரிசு யாருக்கு என்று முடிவு செய்கிறவரும் அவர்தான். முன்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் தலைமையாசிரியை. நாங்கள் அவரைப் பெரிய சிஸ்டர் என்போம். டாக்டர் வந்து நோயைத் தீர்ப்பேன் என்றது. கேரட், "நான் ஒரு கேரட். என்னைச் சாப்பிட்டால் கண் நன்றாகத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மேடைப் படியில் தடுக்கி விழப் பார்த்தது. அடுத்து வரலாறு மிஸ், "அன்பே உருவான கன்னியாஸ்திரி வேடத்தில்" என்று என் தோஸ்தை அழைத்தார்.

அவள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். "நான் சிஸ்டர் இல்ல. இது துப்பட்டி. எங்க வீட்டுப் பொண்ணுங்க போடுறது. எனக்குப் பிடிச்சிருக்கு, அதான் போட்டிருக்கேன்." சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். முன்வரிசையில் பெரிய சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது.

"அடுத்ததாக, மீன்காரி வேடத்தில்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் மேடைக்கு வந்து நிமிர்ந்தபோது, பந்தலின் கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குப் படகுகள் தாமதமாக வந்திருக்கின்றன. வீட்டுக்குப் போக நேரமில்லாமல் ஏலத்திலிருந்து நேராக ஓடி வந்திருக்கிறாள். தூக்கிச் செருகிய சேலை, மேலே சட்டை, தலையில் துண்டு. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, மாற்றிக்கொள்ள நல்ல சேலை கொண்டுவந்திருப்பாள். சிரிப்பு அவள் காதில் விழுந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கேட்டின் பக்கம் திரும்பினாள்.

யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்ததைப் பேசினேன்.

"இது வேஷம் இல்ல! சேலை எங்க அம்மாது, சட்டை எங்க நைனாது. எங்கம்மா தெனமும் இத்த போட்டுக்கினுதான் ஏலத்துக்குப் போவுது. அந்தத் துட்டுலதான் நான் இந்த இஸ்கூல்ல படிக்கிறேன். டாக்டர் வேஷம் போட்ட பாப்பா வூட்டுக்குப் போயி கயட்டிப் போட்டுடும். எங்கம்மா நாளைக்குக் காலைல மறுபடியும் இத்ததான் போடும். உங்க வூட்டுப் பாரம்பரியம் தெரியணும்னு சொன்னீங்க. எங்க வூட்ல இதான் கீது. காஷ்மீரு எங்க வூட்ல இல்ல. நான் அந்த லைன்லதான் நடப்பேன்!"

அப்புறம் கைதட்டல். அப்படி ஒரு கைதட்டல். அம்மா நின்றுவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குக் கண்ணெல்லாம் கலங்கியது.

நடிகர் மேடைக்கு ஏறி வந்தார். கையில் முதல் பரிசுக் கோப்பை. அதை என் கையில் திணித்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "என்ன நடிப்பு! இத்தனை வருஷமா நடிக்கிறேன், எனக்கு இப்படி வராது. அந்த பாஷை! அந்தக் கோபம்! அழுகை வேற வருது பாருங்க! மாறுவேடத்தில் முதல் பரிசு இந்த மீன்காரிக்குத்தான்!"

இவ்வளவு நேரம் தட்டியது இதற்குத்தானா?

"சார், நான் நடிக்கல சார்."

"பாருங்க, பாருங்க! இன்னும் கேரக்டரை விட்டே வெளியே வரல!" என்று அவர் என் தோளைத் தட்டினார். கூட்டம் மறுபடியும் சிரித்தது.

என்ன சொன்னாலும் நடிப்பு. கத்தினால் நடிப்பு, அழுதால் இன்னும் நல்ல நடிப்பு. கோப்பையைத் தூக்கி எறிந்திருந்தால் அதற்கும் விசில் அடித்திருப்பார்கள். பேஜாராகிவிட்டது. அம்மா நின்ற பக்கம் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன். இனி வரவே மாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த வழியில், மேடையைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள்.

முதலில் அதற்கும் சிரித்தார்கள். "ஜோடியா வந்துருக்காங்கடா" என்று ஒரு குரல். ஆனால் அவள் வர வர, அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. காரணம் வாடை. ஐஸும் மீனும் உப்பும் கலந்த அந்த வாடை அவளுக்கு முன்னால் வந்தது. சேலை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. கைகளில் செதில் வெயிலுக்கு மினுங்கியது. எலுமிச்சம்பழம் தேய்த்து, பவுடர் பூசி இத்தனை வருஷம் மறைத்ததை அவள் அன்றைக்கு அப்படியே கொண்டுவந்தாள். எந்த மேக்கப்காரரும் அந்த வாடையைப் போட்டுவிட முடியாது.

மேடை ஏறி நடிகர் எதிரில் நின்றாள்.

"சார்" என்றாள். மரியாதை அதோடு முடிந்தது. "இன்னா நடிப்பு? அது என் பொண்ணு. அது கட்டிக்கினு கீறது என் சேலை. அந்தச் சட்டை என் வூட்டுக்காரரது. இத்த பாரு, நானும் அத்ததான் போட்டுக்கினு கீறேன். இது வேஷம்னா எனக்கும் ஒரு கப்பு குடு. நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து போட்டுக்கினு கீறேன்!"

மைக் பக்கத்திலேயே இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. நடிகர் சமாளித்துச் சிரித்துக் கை நீட்டினார். அம்மா அந்தக் கையை அழுத்திப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். அவர் கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் இரண்டு மூன்று செதில் ஒட்டியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல மனுஷன், சொல்ல வேண்டும். மைக்கை எடுத்து, "தப்பு பண்ணிட்டேன்மா. இது வேஷம் இல்ல. மன்னிச்சிடுங்க" என்றார்.

பின்வரிசையில் யாரோ ஒரு பெண், "அப்டி கேளுக்கா!" என்று கத்தினாள். பிறகு அது யார் என்று தெரியவில்லை, ஏனென்றால் எல்லாரும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போலத்தானே? நல்ல சட்டையும் நல்ல சேலையும் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். முதலில் சிரித்ததும் அவர்கள்தான், இப்போது விசில் அடிப்பதும் அவர்கள்தான். விசில் வந்த பக்கம் பார்த்தேன், மகளைப் பார்க்க வந்திருந்த எங்கள் இஸ்திரிக்காரர்.

பெரிய சிஸ்டர் எழுந்து மேடைக்கு வந்தார். எல்லாரும் அடங்கினார்கள். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கீழே துப்பட்டியோடு நின்ற என் தோஸ்தைப் பார்த்தார். தன் முக்காட்டை ஒரு தரம் சரிசெய்துகொண்டார். "இவங்க ரெண்டு பேரும் பாரம்பரிய உடை வரிசைல நடப்பாங்க" என்று வரலாறு மிஸ்ஸிடம் சொன்னார். அவ்வளவுதான். சிஸ்டர்களுக்கு நீளமாகப் பேசத் தெரியும், அன்றைக்குப் பேசவில்லை.

நான் கோப்பையைக் கொண்டுபோய்க் கேரட்டிடம் கொடுத்தேன். அதற்குக் கையே வெளியே இல்லையே! டாக்டர்தான் வாங்கி அதன் கால் பக்கத்தில் வைத்தது. கேரட் கோப்பையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அது நிஜமாகவே வேஷம் போட்டது, பரிசு அதற்குத்தான் நியாயம்.

அணிவகுப்பு தொடங்கியது. வரலாறு மிஸ் ஒவ்வொரு உடைக்கும் அட்டையில் எழுதி வைத்ததைப் படித்தார். காஞ்சிப் பட்டு, செட்டிநாட்டுக் கண்டாங்கி, காஷ்மீரத்து ஃபெரன். என் தோஸ்தின் முறை வந்தது. அட்டை இல்லை. மிஸ் ஒரு நொடி தயங்கிவிட்டு, "வெள்ளைத் துப்பட்டி" என்றார். அவள் அந்தத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்கு இதெல்லாம் சாதாரணம் என்கிற மாதிரி நடந்தாள். அடுத்த திங்கட்கிழமையும் அவள் தலையில் துணியோடுதான் வந்தாள். கேட்டில் நின்ற சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் பெரிய சிஸ்டர், "பெல் அடிக்கப்போகுது, உள்ள விடுங்க" என்றார். நான் படித்து முடிக்கும் வரை அந்தக் கேட்டில் ஒரு பெண்ணும் மறுபடி துணியை மடித்துப் பைக்குள் வைத்ததை நான் பார்க்கவில்லை.

பிறகு என் முறை. எனக்கும் அட்டை இல்லை. மிஸ் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்ற அம்மாவிடம் வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. வகுப்பில் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "இந்த உடைக்கு என்னன்னு பேர் சொல்றதுங்க?" என்று கேட்டார். "ங்க" போட்டுக் கேட்டார், நான் கவனித்தேன்.

"பேரா? அதுக்கு இன்னா பேரு? சேலை. சேலை மேல சட்டை" என்றாள் அம்மா.

மிஸ் மைக்கைத் திறந்து, காஞ்சிப் பட்டுக்குச் சொன்ன அதே குரலில், "சேலைமேல் சட்டை. காசிமேடு" என்று அறிவித்தார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் மிரண்டுவிட்டாள். "ஏய், வுடுடி. நான் எதுக்கு? இரு, பையில நல்ல சேலை கீது, மாத்திக்கினு வரேன்."

"மாத்தின, கொன்னுடுவேன்" என்றேன்.

அவள் பையை என் தோஸ்திடம் கொடுத்தாள். முந்தானையை இன்னொரு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகினாள். சட்டைக் காலரை இழுத்துவிட்டாள். பிறகு நடந்தாள். ஏலத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகும்போது நடப்பாளே, அந்த நடை. நான் ஒரு அடி பின்னால்தான் போனேன். முன்னால் போயிருந்தாலும் யாரும் என்னைப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, கால் தரையிலேயே இல்லை.

மேடை நடுவில் அவள் நின்றுவிட்டாள். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுக் கூட்டத்தையும், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும், மெதுவாக ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னா, யாருனா சிரிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அப்புறம் அவளே சிரித்தாள்.